யார் கையால வந்துச்சு?

சாயங்கால ஜெபத்தில் ஸ்தோத்திரம் சொல்வதற்கு எங்கள் வீட்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு. நேற்றுச் சொன்னதை இன்றைக்குச் சொல்லக்கூடாது. "இந்த நாளைக் கூட்டிக் கொடுத்தீரே ஸ்தோத்திரம், சுகம் பெலன் தந்தீரே ஸ்தோத்திரம்" என்று கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிக்கிற வேலையெல்லாம் ஆச்சியிடம் நடக்காது. அப்பாவைப் பெற்ற ஆச்சி அவள். யாராவது அப்படி ஆரம்பித்தால் ஜெபத்தின் நடுவிலேயே தொண்டையைச் செருமுவாள். இது பழைய சரக்கு, புதுசை எடு என்று அதற்கு அர்த்தம்.

"சுகம் பெலன் தந்தது பெரிய காரியம் இல்லையா ஆச்சி?" என்று அண்ணன் ஒருநாள் மடக்கப் பார்த்தான்.

"பெரிய காரியந்தான். அதான் நேத்தே சொல்லியாச்சுல்லா. இன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்லு. ஒண்ணுமே நடக்காமலா பொழுது போச்சு?"

எங்கள் ஊர் நாசரேத்துக்குத் தெற்கே, செம்மணல் தேரியை ஒட்டி இருக்கிறது. நான் சொல்வது 1970-களின் தொடக்கத்தை. அப்போது அது திருநெல்வேலி மாவட்டம். தூத்துக்குடி தனி மாவட்டமானது 1986-இல்தான். எங்கள் பக்கத்தில் கோயில் என்று சொன்னால் சி.எஸ்.ஐ. கோயில், ஐயர் என்று சொன்னால் அங்கிருக்கிற குருவானவர். ஏழு மணிக்குக் கோயில் மணி அடித்ததும் தெருவில் வீட்டுக்கு வீடு பாட்டுச் சத்தம் கிளம்பும். ஒரு வீட்டில் பாமாலை, அடுத்த வீட்டில் கீர்த்தனை. ராகங்கள் நடுத்தெருவில் மோதிக்கொள்ளும்.

எங்கள் வீட்டில் பாய் விரித்து, அரிக்கேன் விளக்கை நடுவில் வைத்து, முதலில் ஒரு கீர்த்தனை. பிறகு ஒரு சங்கீதம், ஆளுக்கொரு வசனமாக. எழுத்துக் கூட்டத் தெரியாத ஆச்சி தன் முறை வரும்போது மனப்பாடமாகச் சொல்லிவிட்டுப் போவாள். 136-ஆம் சங்கீதம் வந்தால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். 26 வசனத்துக்கும் பின்பாதி ஒன்றேதான் என்பதால் யார் வேகமாகச் சொல்வது என்று போட்டி நடக்கும். அதன்பின் முழங்காலில் நின்று ஸ்தோத்திரம். சிறிசிலிருந்து பெரிசு வரை, தம்பியில் தொடங்கி ஆச்சியில் முடியும். விண்ணப்பமெல்லாம் அதற்கு அப்புறந்தான். "புதுசா கைநீட்டுததுக்கு முந்தி பழைய பாக்கியத் தீர்க்கணும்" என்பாள்.

இந்தப் பழக்கத்தை அவள் கொண்டுவந்தது விடிலியில் இருந்து. தாத்தா பனையேறி. பதநீர்க் காலம் தொடங்கிவிட்டால் குடும்பமே தேரிக்காட்டுக்குள் ஓலைக் குடிசை போட்டுக் குடிபோகும். அந்தக் குடிசைதான் விடிலி. தாத்தா இடுப்பில் அரிவாள் பெட்டியும் கையில் முருக்குத்தடியுமாக விடியுமுன்னே கிளம்புவாராம். காலையும் மாலையும் ஒவ்வொரு மரமாக ஏறி இறங்க வேண்டும். பாளையைச் சீவாமல் விட்டால் ஊறல் நின்றுபோகும். கலயத்தில் தடவிய சுண்ணாம்பு குறைந்தால் பதநீர் புளிக்கும். சுள்ளி ஈரமாக இருந்தால் பாகு பதத்துக்கு வராது. இறக்கின பதநீரை மணிக்கணக்காகக் காய்ச்சிச் சிரட்டைகளில் ஊற்றியவள் ஆச்சி. ஒரு கருப்பட்டி ஒழுங்காக உறைவதற்கு எத்தனை காரியம் கூடிவர வேண்டும் என்பது அவளுக்கு அத்துபடி. அதனால் பொதுப்படையாக நன்றி சொல்ல அவளுக்கு வரவில்லை. 'வடக்கு வரிசையில வளைஞ்ச பனை இன்னைக்குக் கலயம் நிறையத் தந்துச்சே அப்பா' என்றுதான் சொல்ல வந்தது. ஊருக்குள் வந்து ஓட்டு வீட்டில் குடியிருந்தபோதும் அந்தப் பேச்சு மாறவில்லை.

அப்பா டி.டி.டி.ஏ. ஆரம்பப் பள்ளி ஆசிரியர். ஆச்சியின் சட்டத்துக்கு வேதத்தில் இடம் தேடிக் கொடுத்தவர் அவர். லேவியராகமம் ஏழாம் அதிகாரத்தைக் காட்டுவார். ஸ்தோத்திரமாகச் செலுத்துகிற பலியின் மாம்சத்தை அன்றைக்கே சாப்பிட்டுவிட வேண்டும். விடியற்காலம் வரைக்கும் மீதி வைக்கக்கூடாது. பொருத்தனை பலி, உற்சாக பலி என்றால் மறுநாளும் வைத்துச் சாப்பிடலாம். ஸ்தோத்திர பலிக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது. "ஒரு முழு ஆட்டை ஒரே நாள்ல ஒரு குடும்பம் தின்னு தீர்க்க முடியுமா? பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிட்டே ஆகணும். அதுக்குத்தான் அப்படி வச்சிருக்கார்" என்று சிரிப்பார். அது அவர் சொந்த வியாக்கியானம். எந்த வேத பண்டிதரும் அதை ஒப்புக்கொண்டாரா என்று நான் கேட்டதில்லை. எங்கள் வீட்டுக்கு அது சரியாகப் பொருந்தியது.

ஏனென்றால் ஆச்சியிடம் இன்னொரு சட்டமும் இருந்தது. பொருளைச் சொன்னால் அதைக் கொண்டுவந்த ஆளையும் சொல்ல வேண்டும்.

எனக்கு ஏழெட்டு வயதிருக்கும். கிறிஸ்துமஸுக்கு நீல நிறத்தில் ஒரு கவுன் தைத்து வந்தது. காலரைச் சுற்றி வெள்ளை லேஸ். அன்றைக்கு ராத்திரி என் ஸ்தோத்திரம் தயாராக இருந்தது.

"இயேசப்பா, எனக்குப் புதுக் கவுன் தந்ததுக்காக ஸ்தோத்திரம்."

"யார் கையால வந்துச்சு?" ஆச்சி கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"அப்பா வாங்கித் தந்தாவ."

"துணிய அவன் வாங்குனான். அது கவுனா வந்தது யார் கையால?"

"தையக்கார பாய்."

"அப்ப அவரைச் சொல்லு."

"இயேசப்பா, தையக்கார பாய்க்காக ஸ்தோத்திரம். அவர் காலருக்கு லேஸ் வச்சதுக்காக ஸ்தோத்திரம்."

அதோடு முடியவில்லை. மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஆச்சி என்னைக் கடைக்கு அனுப்பினாள். ஆண்டவரிடம் சொன்னதை ஆளிடமும் சொல்ல வேண்டுமாம். பாய் மிதிமெஷினில் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் டேப், காதில் பென்சில். என்னைப் பார்த்ததும் கவுனைத் திருத்தக் கொண்டுவந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

"என்ன பாப்பா, கைக்குழி பிடிக்குதா?"

"இல்ல பாய். நேத்து ஜெபத்துல உங்களைச் சொன்னோம்."

மெஷின் நின்றது. "என்னைய எதுக்கும்மா?"

"லேஸ் வச்சீங்கல்ல."

"அது வேற ஒரு கவுன்ல மிஞ்சின லேஸு" என்றார் கொஞ்சம் கூச்சத்தோடு. பிறகு, "எல்லாப் புகழும் அல்லாவுக்கே. உங்க ஆச்சிகிட்ட நான் சலாம் சொன்னேன்னு சொல்லு" என்றார். அதன்பிறகு அந்தக் கடையைத் தாண்டும்போதெல்லாம் "இன்னைக்கு என் பேர் உண்டா?" என்று கேட்பார். ஆச்சி இறந்த அன்று திண்ணையில் வந்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

இப்படித்தான் எங்கள் ஜெபத்துக்குள் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். தந்தி கொண்டுவந்த தபால்காரர், ஓடிவருகிற அம்மாவைப் பார்த்துப் பஸ்ஸை நிறுத்திய கண்டக்டர், கிணறு தூர்வாரியவர்கள், மாட்டு வைத்தியர். பெயர் தெரியாவிட்டால் ஆச்சி விடமாட்டாள். "கேட்டுட்டு வந்து நாளைக்குச் சொல்லு. அந்த ஒண்ணு மட்டும் மறுநாளைக்கு வைக்கலாம்."

பள்ளிக்கூடத்துக் கக்கூஸைக் கழுவ வந்த அம்மாளுடைய பெயரை ஊரில் யாரும் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. சாதிப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். தம்பி போய் அவளிடமே கேட்டு வந்து, அன்றிரவு அந்தப் பெயரைச் சொன்னான். ஆச்சி ஆமென் என்றாள். ஆனால் ஜெபத்தில் பெயர் ஏறிய பிறகும் அந்த அம்மாள் எங்கள் திண்ணையில் ஏறவில்லை. தாகத்துக்கு வந்து நின்றால் ஆச்சி செம்பைத் தூக்கிப் பிடித்து அவள் கைக்குழியில்தான் ஊற்றினாள். ஒருநாள் அப்பா அதைப் பார்த்துவிட்டார். "ராத்திரி ஆண்டவர்கிட்ட அவ பேரைச் சொல்லுதீங்க. பகல்ல தண்ணிய எட்டி நின்னு ஊத்துதீங்க. இதுல எதைம்மா அவர் நம்புவார்?" ஆச்சி பதில் சொல்லவில்லை, அவருடன் இரண்டு நாள் பேசவும் இல்லை. மூன்றாவது முறை அந்த அம்மாள் வந்தபோது டம்ளரில் தண்ணீர் போனது. ஊரில் அதற்குப் பேச்சு எழுந்தது. ஆச்சி காதில் போட்டுக்கொள்ளவில்லை. நன்றி சொல்லும் பழக்கம் தானாக ஒருவரை நல்லவராக்கிவிடாது என்று அதில் கண்டுகொண்டேன். தட்டிக் கேட்க வீட்டில் ஒரு ஆளும் வேண்டும்.

கோயிலில் நன்றி இன்னொரு விதமாக நடக்கும். ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு நேரத்தில் ஸ்தோத்திரக் காணிக்கைகளைக் காரணத்தோடு வாசிப்பார்கள். பசு சுகமாகக் கன்று ஈன்றதற்கு ஒருவர் இரண்டு ரூபாய். பட்டாளத்தில் இருக்கிற மகன் லீவில் வந்ததற்கு ஒருவர் ஐந்து ரூபாய். கிணற்றில் விழுந்த வாளி திரும்பக் கிடைத்ததற்குக்கூட ஒருமுறை நாலணா வந்தது. பெயர் போடாமல் 'ஒரு சகோதரி' என்று கொடுப்பவர்களும் உண்டு. ஆராதனை முடிவதற்குள் அந்தச் சகோதரி யார் என்று பெண்கள் பக்கம் தெரிந்துவிடும்.

அறுப்பின் பண்டிகைக்கு ஆளுக்கு ஆள் விளைந்ததைக் கொண்டுவந்து கோயில் முன்பாகத்தில் குவிப்பார்கள். முருங்கைக்காய்க் கட்டு, பூசணி, கருப்பட்டிச் சிப்பம், காலைக் கட்டிய சேவல். பிரசங்கத்தின் நடுவே சேவல் கூவும். ஐயர் கண்டுகொள்ளாமல் போவார். ஆராதனை முடிந்ததும் வேப்பமரத்தடியில் ஏலம். ஒரு கோழிமுட்டையை ஏலம் எடுத்தவர் பணத்தைக் கட்டிவிட்டு அதே முட்டையைத் திரும்பக் காணிக்கையாக வைப்பார். மறுபடி ஏலம் நடக்கும். சந்தையில் சல்லிக்காசு பேரம் பேசுகிற மனிதர்கள் அங்கே வீம்புக்கு விலையேற்றுவார்கள்.

தினசரிக் கணக்கில் சேர்ந்தது பிடியரிசி. உலை வைக்குமுன் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்து அடுப்பங்கரைப் பானையில் போடுவாள் அம்மா. வாரக் கடைசியில் அது கோயிலுக்குப் போகும். விற்ற காசு மிஷனெரி ஊழியத்துக்கு. எங்கள் பக்கத்து வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வே.ச. அசரியாவும் கூட்டாளிகளும் 1903-இல் பாளையங்கோட்டையில் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கம் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு ஊழியர்களை அனுப்பியது. அந்த அசரியாதான் 1912-இல் இந்தியரில் முதல் ஆங்கிலிக்கன் பேராயர் ஆனவர். எங்கோ மொழி தெரியாத ஊருக்கு எங்கள் அடுப்பங்கரையிலிருந்து ஒரு பிடி போகிறது என்பதில் அம்மாவுக்குத் தனிப் பெருமை. ஆச்சிக்குக் காரணம் வேறு. 1876-இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் அவளுடைய பாட்டி கஞ்சித்தொட்டியில் கையேந்தி நின்றவள். "வாங்கிக் குடிச்ச வம்சம். அந்தப் பிடி நம்மளது இல்ல" என்பாள். அரிசி தட்டுப்பட்ட மாதங்களில்கூட பிடி நிற்கவில்லை. ஆச்சியின் கை மட்டும் கொஞ்சம் சுருங்கியதை அம்மா பார்த்திருக்கிறாள்.

தூத்துக்குடியில் கட்டிக்கொடுத்த அத்தை பெந்தெகொஸ்தே சபைக்குப் போனபின் ஊருக்கு வரும்போதெல்லாம் ஆயிரம் ஸ்தோத்திரப் புத்தகத்தைக் கொண்டுவருவாள். கர்த்தருடைய நாமங்களையும் குணங்களையும் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்தோத்திரம். விடியற்காலம் உட்கார்ந்தால் ஆயிரமும் முடிந்துதான் எழுந்திருப்பாள். ஆச்சி கேலி செய்வாள் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். அவளோ பக்கத்தில் உட்கார்ந்து கூடவே சொன்னாள். முடிந்ததும், "இது அவர் யாருன்னு சொல்லுதது. ராத்திரி நாம சொல்லுதது அவர் என்ன செஞ்சாருன்னு. ரெண்டும் இருக்கட்டும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

அண்ணன் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய வருஷம் பக்கத்து வீட்டுப் பையன் தவறிவிட்டான். இரண்டு பேரும் ஒரே விளக்கில் படித்தவர்கள். அன்றிரவு அண்ணன் உற்சாகத்தில், "எத்தனையோ பேர் தவறிப்போனப்போ என்னை மட்டும் தேறப் பண்ணினீரே, ஸ்தோத்திரம்" என்றான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஓலை வேலிதான். அப்பா பாதி ஜெபத்தில் எழுந்து போய் வேதாகமத்தை எடுத்து வந்தார். லூக்கா 18. பரிசேயனும் ஆயக்காரனும் ஜெபம்பண்ணத் தேவாலயத்துக்குப் போன கதை. வாசித்து முடித்துவிட்டு, "அந்தப் பரிசேயனும் ஸ்தோத்திரந்தான் சொன்னான். அடுத்தவன் தலை மேல ஏறி நின்னு சொன்னான். அவனை நீதிமான்னு ஆண்டவர் அனுப்பல" என்றார். பிறகு அண்ணனை முதலிலிருந்து சொல்லச் சொன்னார். அண்ணன் கணக்கு வாத்தியாரைச் சொன்னான், ராத்திரியில் டீ போட்டுக் கொடுத்த அம்மாவைச் சொன்னான், சமூக அறிவியலைத் தனக்குச் சொல்லிக்கொடுத்தது வேலிக்கு அந்தப்பக்கம் இருப்பவன்தான் என்பதையும் சொன்னான். அதைக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னான். மறுதேர்வுக்கு இருவரும் மறுபடி ஒன்றாக உட்கார்ந்தார்கள்.

மற்றவனுக்கு இல்லாததை வைத்து நன்றி சொல்லக்கூடாது என்பது அன்றுமுதல் வீட்டுச் சட்டமாயிற்று. நொண்டி நடக்கிறவரைப் பார்த்து "நமக்குக் கால் இருக்கே, ஸ்தோத்திரம்" என்று சொல்லப் பிரசங்கிகள் சிலர் பழக்குகிறார்கள். எங்கள் வீட்டில் அது ஓடாது.

பிறகு சித்தப்பா விழுந்தார். அப்பாவுக்கு இளையவர். தாத்தாவின் தொழிலை எடுத்தவர் அவர்தான். ஆனி மாதம், பதநீர் நல்ல ஓட்டத்தில் இருந்த நேரம். காலை ஏற்றத்தில் மரத்திலிருந்து தவறிவிட்டார். வீட்டுக்குக் கொண்டுவந்தபோது உயிரில்லை. சித்திக்குக் கையில் ஒன்று, வயிற்றில் ஒன்று.

அடக்கம் முடிந்த மறுநாள் உபதேசியார் ஜெபிக்க வந்தார். எல்லாவற்றிலும் ஸ்தோத்திரம் செய்ய வேண்டும் என்று பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதியதை எடுத்துப் பேசினார். நல்ல மனுஷர்; துக்க வீட்டில் சொல்லப் பழகியதைச் சொன்னார். ஆச்சி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் போனபின் பாய் விரித்தோம். என்ன வாசிப்பது என்று ஒருவருக்கும் ஓடவில்லை. அப்பா 88-ஆம் சங்கீதத்தைத் திருப்பினார். நிறைய சங்கீதங்கள் அழுகையில் தொடங்கினாலும் கடைசியில் ஒரு துதியிலோ நம்பிக்கையிலோ கரையேறிவிடும். 88 கரையேறாது, இருட்டில் தொடங்கி இருட்டிலேயே முடிந்துவிடும். அப்பா வாசித்துவிட்டு மூடிவைத்தார். அன்றைக்கு யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. சொல்லும்படி யாரையும் யாரும் நெருக்கவும் இல்லை.

அடுத்த நாளிலிருந்து தம்பியும் நானும் எங்கள் முறைக்கு ஏதோ சொன்னோம். ஆச்சி முறை வரும்போது அவள் வாய் திறக்கமாட்டாள். அப்பா சற்றுப் பொறுத்திருந்து கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்லி முடித்துவைப்பார். வாரங்கள் அப்படியே போயின. பிடியரிசி மட்டும் நிற்கவில்லை.

சித்தப்பா ஏறிக்கொண்டிருந்த பனைகளை என்ன செய்வதென்று வீட்டில் பேச்சு வந்தது. சீவாமல் விட்டால் அந்தப் பருவம் அதோடு போச்சு. முன்பணம் வாங்கிய கடன் வேறு உடன்குடி வியாபாரியிடம் நின்றது. அதற்குள் ஒருநாள் காலை சித்தி விடிலிப் பக்கம் போனபோது பானைகளில் பதநீர் நிரம்பியிருந்தது. தேரியில் ஏறுகிற மற்றப் பனையேறிகள் தங்களுக்குள் பேசி, ஆளுக்கு இத்தனை மரம் என்று பிரித்துக்கொண்டு, தங்கள் மரங்களை முடித்தபின் இவற்றிலும் ஏறியிருக்கிறார்கள். பருவம் ஓய்கிற வரைக்கும் ஏறினார்கள். இறக்கியதில் ஒரு சொட்டும் எடுக்கவில்லை. சித்தியும் அம்மாவும் மாறி மாறிக் காய்ச்சினார்கள். அந்த வருஷக் கருப்பட்டியில் கடன் அடைந்தது.

கடன் அடைந்த அன்றிரவு தன் முறைக்கு ஆச்சி பேசினாள். சித்தப்பாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மரம் ஏறியவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள், இன்னாருடைய மகன் இன்னார் என்று, எந்த வரிசையில் எவர் ஏறினார் என்று. அதில் கோயிலுக்கு வருகிறவர்களும் இருந்தார்கள், வராதவர்களும் இருந்தார்கள். ஒருவர் எங்கள் குடும்பத்தோடு வரப்புத் தகராறில் பல வருஷம் பேசாமல் இருந்தவர். கடைசிப் பெயரைச் சொல்லிவிட்டு, "இவங்களுக்காக ஸ்தோத்திரம். மத்ததை நான் நேர்ல வந்து உம்மகிட்ட கேட்டுக்கிடுதேன்" என்றாள். மகன் போனதற்கு அவள் ஒருநாளும் நன்றி சொல்லவில்லை. அந்தச் சாவுக்குள் ஏதோ ஆசீர்வாதம் மறைந்திருக்கிறது என்று பேசுகிறவர்களிடம் எழுந்து உள்ளே போய்விடுவாள். ஆனாலும் அன்றைக்கு நடந்ததில் நல்லது எது, அது யார் கையால் வந்தது என்று பார்க்கிற கண்ணை அவள் மூடவில்லை. எனக்கு இன்றுவரைக்கும் இதைவிட நேர்மையான ஜெபம் தெரியாது.

கல்யாணமாகிப் பாளையங்கோட்டைக்கு வந்தேன். புகுந்த வீட்டில் குடும்ப ஜெபம் மாமா ஒருவர் கையில் இருந்தது. நீளமான, சுத்தமான வேதாகமத் தமிழ். மற்றவர்கள் ஆமென் சொன்னால் போதும். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் பேசத் தொடங்கியதும் படுக்கப்போகுமுன் அவர்களிடம் மட்டும் ஆச்சியின் கேள்வியைக் கேட்க ஆரம்பித்தேன். ஒருநாள் மாமா கதவருகே நின்று கேட்டுவிட்டு, "எனக்கும் ஒண்ணு சொல்லணும்" என்று உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தார். பென்ஷன் வாங்கப் போன இடத்தில் வரிசையில் இடம் விட்டுக் கொடுத்த ஒரு பையனைச் சொன்னார். அந்த வீட்டிலும் பாய் வட்டமானது அப்படித்தான்.

பெங்களூரில் வேலை பார்க்கிற என் மகள், இப்போது இதற்கெல்லாம் ஆராய்ச்சி வந்துவிட்டது என்று சொல்வாள். ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கல்லாவும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், நன்றிக்குரியவற்றை வாரந்தோறும் எழுதிவந்தவர்கள் எரிச்சல்களை எழுதியவர்களைவிடத் தங்கள் வாழ்க்கையைப் பற்றி நிறைவாக உணர்ந்தார்களாம். சோனியா லியுபோமிர்ஸ்கி குழுவின் ஆய்வில் இன்னொரு சங்கதி. வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்கு மகிழ்ச்சி கூடியது. வாரம் மூன்று முறை எழுதியவர்களுக்குக் கூடவில்லை. அடிக்கடி செய்தால் அலுத்துப் பழக்கமாகிவிடுகிறது என்பது அவர்கள் ஊகம். "அப்ப நாம தினமும் செய்யுதது தப்பா?" என்று கேட்டேன். "ஆச்சிதான் நேத்துச் சொன்னதை இன்னைக்குச் சொல்லாதேன்னு வச்சிருக்காங்களே. அவங்க முன்னாலேயே யோசிச்சுட்டாங்க" என்றாள். மகிழ்ச்சி கூடுமா என்று ஆச்சி யோசித்திருப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை. அவள் பாக்கி வைக்காமல் இருக்கப் பார்த்தாள், அவ்வளவுதான்.

இப்போது நாங்கள் ஆளுக்கொரு ஊரில் இருக்கிறோம். ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப்பில் எல்லோரும் சேர்கிறோம். ஊர் வீட்டில் தம்பி குடும்பத்தோடு இருக்கிற அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. செருமுகிற பொறுப்பு அவளுக்கு வந்திருக்கிறது.

2023 டிசம்பர் 17, 18-இல் பெய்த மழையை எங்கள் பக்கம் யாரும் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. தாமிரபரணி கரைகொள்ளாமல் பாய்ந்தது. ஏரலும் ஸ்ரீவைகுண்டமும் தண்ணீரில் நின்றன. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருந்தது. போன் இல்லை, கரண்ட் இல்லை. ஊர் வீடு தேரி மேட்டில் இருப்பதால் உள்ளே தண்ணீர் வரவில்லை என்ற தகவல் எங்களுக்கு நாலு நாள் கழித்துத்தான் கிடைத்தது. அன்றிரவு அழைப்பில் எல்லோரும் கூடியதும் அம்மா முதலில் சொன்னாள்: "நம்ம வீட்டுக்குள்ள தண்ணி வரலன்னு ஒருத்தரும் ஸ்தோத்திரம் சொல்லாதீங்க. வந்த வீடு நிறைய இருக்கு."

பிறகு பெயர்கள் வந்தன. ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்துக்கு நடுவே நின்றுபோன செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளுக்குப் புதுக்குடி ஊர்மக்கள் தங்கள் வீட்டு அரிசியைக் கொண்டுவந்து சமைத்துப் போட்டதை மகள் சொன்னாள். கடற்கரையிலிருந்து படகுகளோடு வந்து தெருக்களில் ஆட்களை மீட்ட மீனவர்களைத் தம்பி சொன்னான். தண்ணீர் வடிந்தபின் கம்பத்தில் ஏறிய மின்வாரியத் தொழிலாளர்களில் ஒருவருடைய பெயரை அவன் கேட்டே வைத்திருந்தான். அந்த வருஷம் பண்டிகைக்கு எடுத்த துணியும் செய்த பலகாரமும் ஏரலுக்குப் போயின. அதை ஜெபத்தில் யாரும் சொல்லவில்லை. கொடுத்ததைச் சொல்வது அங்கே வழக்கமில்லை.

அண்ணன் மகனுக்கு இப்போது தெய்வ நம்பிக்கை போய்விட்டது. சென்னையில் இருக்கிறான். கோயிலுக்குப் போவதில்லை; போவதாகச் சொல்லி ஏமாற்றுவதும் இல்லை. ஆனால் ஒன்பது மணி அழைப்பை விடமாட்டான். தன் முறைக்கு இயேசப்பா என்று தொடங்காமல் நேராகப் பெயரைச் சொல்வான்: பைக் பஞ்சரானபோது கூடத் தள்ளி வந்தவர், வீட்டுக்கார அம்மா, ஆபீஸில் காபி கொண்டுவருகிறவர். ஆமென் மட்டும் சொல்லமாட்டான். அண்ணனுக்கு அது உறுத்தல். நம்பாதவன் ஜெபத்தில் உட்கார்ந்து நன்றி சொல்வது என்ன கணக்கு என்று ஒருநாள் அம்மாவிடமே கேட்டுவிட்டான்.

"அவன் பேரைச் சொல்லிக்கிட்டு இருக்கட்டும்ல" என்றாள் அம்மா. "யாருக்கு அனுப்பணும்ங்கிற விலாசத்தைப் பிறகு எழுதிக்கிடலாம்."